விமானிகளைப் பற்றிய பல்பு ஜோக்குகள்: இவற்றின் பின்னணி என்ன?

கதிரொளி (கேள்வி):
அமெரிக்க விமானிகளிடையே, ‘ஒரு பல்பை மாற்ற எத்தனை பேர் வேண்டும்?’ என்று தொடங்கும் ஜோக்குகள் பல உலவுகின்றன. கேப்டன் ஒருவரே போதும், அவர் பல்பைப் பிடித்துக்கொண்டு நின்றால் உலகமே அவரைச் சுற்றி வரும் என்பது அவற்றுள் பலரும் அறிந்தது. இன்னொன்றில், துணை விமானி பல்பைத் தொடவே மாட்டார். சீனியாரிட்டி பட்டியலில் தமக்கு மேலே இருப்பவர் ஓய்வு பெறும்வரை இருட்டிலேயே உட்கார்ந்திருப்பார். கேப்டனின் தலைக்கனம் புரிகிறது. ஆனால் பதவி உயர்வுக்கு ஏன் இப்படிக் காத்துக் கிடக்க வேண்டும்? திறமையுள்ளவர் வேறு கம்பெனிக்கு மாறிவிடலாமே?

வான்வழி:
மாறலாம், ஆனால் மாறுபவர் அங்கே கடைசி ஆளாகத்தான் சேர முடியும். அமெரிக்காவின் பெரிய விமானக் கம்பெனிகளில் ஒரு விமானி எந்த ரக விமானத்தை ஓட்டுவார், எந்த ஊரிலிருந்து புறப்படுவார், தீபாவளி போன்று அவர்கள் கொண்டாடும் கிறிஸ்துமஸ் அன்று வீட்டில் இருப்பாரா, எப்போது கேப்டன் ஆவார் என்பவை எல்லாம் அவர் வேலையில் சேர்ந்த தேதியை வைத்து அமையும் சீனியாரிட்டி எண்ணைப் பொறுத்தவை. அந்த எண்ணை இன்னொரு கம்பெனிக்கு எடுத்துச் செல்ல முடியாது. 1991 ஜனவரியில் ஈஸ்டர்ன், அதே ஆண்டு டிசம்பரில் பான் ஆம் ஆகிய விமானக் கம்பெனிகள் மூடப்பட்டபோது, பல ஆண்டுகள் கேப்டனாக இருந்தவர்கள்கூட வேறிடத்தில் புதியவர்களுக்குரிய சம்பளத்தில் துணை விமானியாகச் சேர நேர்ந்தது.

நீங்கள் சொல்லும் இரண்டாவது ஜோக் 2007 டிசம்பரில் கிட்டத்தட்ட அப்படியே நடந்தது. விமானிகளின் ஓய்வு வயதை 60இலிருந்து 65ஆக உயர்த்திச் சட்டம் வந்ததால், கேப்டன் இருக்கை காலியாகும் என்று காத்திருந்தவர்கள் மேலும் ஐந்து ஆண்டுகள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கம்பெனிகள் இணையும்போது நிலைமை இன்னும் மோசமாகிவிடும். 2005இல் யூஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்டும் இணைந்த பிறகு, இரு பட்டியல்களையும் எப்படி ஒன்றாக்குவது என்ற தகராறு பல ஆண்டுகள் நீதிமன்றப் படியேறி இறங்கியது; அதில் விமானிகள் தங்கள் தொழிற்சங்கத்தையே மாற்றிக்கொண்டார்கள். இந்த முறை அநீதியானது என்று நான் கருதவில்லை. மேலதிகாரிக்குப் பிடிக்காதவரைக் கீழே தள்ள முடியாது என்பது, பாதுகாப்புக் கருதி விமானத்தை எடுக்க மறுக்கும் விமானிக்குப் பெரிய பலம்.

தரைக்கட்டுப்பாடு:
கேப்டனைப் பற்றிய ஜோக்கை என்னால் அவ்வளவு எளிதாகக் கடந்துபோக முடிவதில்லை. உண்மையாகவே ஒரு பல்பில் தொடங்கி 101 பேரின் சாவில் முடிந்த விபத்து ஒன்று உண்டு. 1972 டிசம்பர் 29 இரவு நியூயார்க்கிலிருந்து மயாமிக்கு 176 பேருடன் வந்த ஈஸ்டர்ன் 401, தரையிறங்கச் சக்கரங்களை இறக்கியபோது மூக்குச் சக்கரத்துக்கான பச்சை விளக்கு எரியவில்லை. 2,000 அடி உயரத்துக்கு ஏறி, விமானத்தை ஆட்டோபைலட்டில் விட்டுவிட்டு, அந்த விளக்கையே பார்க்கத் தொடங்கினார்கள். துணை விமானி விளக்கின் மூடியைக் கழற்றித் திரும்ப மாட்டும்போது அது கோணலாகச் சிக்கிக்கொண்டது. சக்கரத்தை நேரில் பார்க்க பிளைட் இன்ஜினியர் காக்பிட்டுக்கு அடியில் இருந்த அறைக்குள் இறங்கினார். இதற்கிடையே, விமானத்தை அதே உயரத்தில் வைத்திருக்கும் ஆட்டோபைலட்டின் பிடி விட்டுப்போனது. கேப்டன் திரும்பும்போது கண்ட்ரோலில் கைபட்டு அது விலகியிருக்கலாம் என்று கருதப்பட்டது. உயரம் குறைகிறது என்று எச்சரிக்கும் மணி ஒலித்தும் எவரும் கவனிக்கவில்லை. விமானம் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் மோதியது. சக்கரம் சரியாகவே இறங்கியிருந்தது, பல்புதான் எரிந்து போயிருந்தது என்று பின்னர் தெரிந்தது.

கதிரொளி:
விவரமான பதில்களுக்கு இருவருக்கும் நன்றி. தரைக்கட்டுப்பாடு ஐயா, அங்கே மற்றவர்கள் வாய் திறக்காமல் போனது கேப்டனிடம் இருந்த பயத்தினாலா?

தரைக்கட்டுப்பாடு:
அந்த விபத்தில் பயம் காரணம் என்று சொல்ல முடியாது. எல்லோருடைய கவனமும் ஒரே இடத்துக்குப் போனதும், விமானத்தை ஓட்டுவது யார் என்று பிரித்துக்கொள்ளாததுமே கோளாறு. நீங்கள் கேட்கும் தயக்கத்தை 1978 டிசம்பர் 28 அன்று போர்ட்லண்டில் விழுந்த யுனைடெட் 173இல் பார்க்கலாம். அங்கேயும் சக்கரக் கோளாறுதான். கேப்டன் அதையே ஆராய்ந்தபடி வட்டமிட, எரிபொருள் குறைவதை மற்ற இருவரும் அழுத்திச் சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்து 10 பேர் இறந்தார்கள். 1979இல் நாசா இது பற்றி ஒரு பயிலரங்கு நடத்தியது. 1981இல் யுனைடெட் தன் விமானிகளுக்குப் புதிய பயிற்சியைத் தொடங்கியது. கேப்டனிடம் எப்படிக் குறுக்கிட்டுப் பேசுவது, அதைக் கேப்டன் எப்படிக் காதுகொடுத்துக் கேட்பது என்பதெல்லாம் அதில் பாடமாயின.

வான்வழி:
இன்று எந்த விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும், ஒருவர் விமானத்தை ஓட்டுவதை மட்டும் பார்க்க, மற்றவர்தான் கையேட்டை எடுத்துக் கோளாறைக் கவனிப்பார். ‘நீங்கள் ஓட்டுங்கள்’ என்று கேப்டன் வாயால் சொல்ல வேண்டும், துணை விமானியும் ‘நான் ஓட்டுகிறேன்’ என்று வாயால் ஏற்க வேண்டும். தலையை ஆட்டினால் போதாது.