'காற்றிழுப்பு': டீசல் குழாய்ப் பழுது ஒன்றுக்கான சொல்

அன்புடையீர், வணக்கம்.

பழைய டீசல் வண்டிகளின் எரிபொருள் குழாயில், ஒரு சொட்டும் வெளியே சிந்தாமல் காற்று மட்டும் உள்ளே புகுந்துவிடும் பழுதுக்கு நம் அகராதியில் 'உட்கசிவு' என்ற சொல் முன்மொழியப்பட்டுள்ளது. அதற்கு மாற்றாகக் 'காற்றிழுப்பு' என்பதை ஏற்குமாறு வேண்டுகிறேன்.

கசிவு என்றாலே ஈரம். பானை கசியும், சுவர் கசியும். தொட்டால் கை நனையும். உட்கசிவு என்று படிப்பவர் டீசல் எங்கோ மறைவாக ஊறுகிறது என்றெண்ணி, காய்ந்து கிடக்கும் குழாயில் ஈரத்தைத் தேடிக்கொண்டிருப்பார். என் அம்பாசடரில் நானும் அப்படித்தான் இரண்டு வாரம் தேடினேன். இரவு நின்ற வண்டி காலையில் கிளம்பாது. அடியில் கறையும் இல்லை. பொள்ளாச்சி சாலையில் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் பார்த்துவிட்டு, "ஒழுக்கு இல்லீங்க, ஏர் இழுக்குதுங்க" என்றார். ஏர் என்று அவர் சொன்னது ஆங்கில 'air', அதாவது காற்று. அந்த ஒரு தொடரில் பழுதின் இயல்பு முழுவதும் அடங்கியிருக்கிறது.

பின்னால் இருக்கும் டாங்கியிலிருந்து எஞ்சினில் உள்ள, டீசலை இழுத்துத் தள்ளும் ஃபீடு பம்பு வரை வரும் நீண்ட குழாய் உறிஞ்சும் பக்கம். எஞ்சின் ஓடும்போது அதனுள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்திருக்கும். பம்பைத் தாண்டினால் தள்ளும் பக்கம். அங்கே விரிசல் விட்டால் டீசல் வெளியே வந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். உறிஞ்சும் பக்கத்து விரிசலோ காற்றை உள்ளே இழுக்கும். வண்டி நின்ற பிறகும் அந்த விரிசல் வழியே காற்று புகுவதால் குழாயிலிருக்கும் டீசல் டாங்கிக்குத் திரும்பி இறங்கிவிடும். பெரியவர் குழாயின் நடுவே கண்ணாடி போன்ற டியூப் ஒரு சாண் பொருத்தி, குமிழிகள் ஓடுவதைக் காட்டினார். இறுகிப்போன ரப்பர் ஓஸையும் கிளிப்பையும் மாற்றினார். நசுங்கிய செம்பு வாஷர்களைக் காய்ச்சி இளக்கிப் போடலாம் என்றாலும் புதியவையே நல்லது என்று புதிதாகப் போட்டார். ஃபில்டர் தலையிலுள்ள திருகைத் தளர்த்தி, குமிழியில்லாத டீசல் வரும்வரை கைப்பம்பை அடித்து ஏர் எடுத்தார்.

கொங்கு நாட்டுக்கு இந்தச் சொல் புதிதன்று. கிணற்று மோட்டாரில் இதே பழுதை உழவர்கள் 'ஏர் இழுக்குது' என்றுதான் சொல்கிறார்கள். உறிஞ்சு குழாய் நடைமுறையில் ஏழு மீட்டருக்கு மேல் நீரைத் தூக்காது என்பதால் ஆழக் கிணறுகளில் பம்பையே உள்ளே இறக்கித் திண்டில் வைத்தவர்கள் அவர்கள். இணைப்பில் நுழையும் சிறு காற்றும் நீரை அறுத்துவிடும் என்பது அவர்களுக்குப் பட்டறிவு. பம்புக்கும் வண்டிக்கும் ஒரே சொல் அமைவது அகராதிக்குப் பெரும் நன்மை.

'இழுப்பு' மூச்சு நோயையும் குறிக்குமே என்ற தடை எழலாம். 'காற்று' முன்னொட்டாக நிற்பதாலும், பேச்சு இயந்திரத்தைப் பற்றியதாக இருப்பதாலும் குழப்பம் வராது என்பது என் துணிபு. இன்னொரு மாற்றாகக் கருதத்தக்க 'வளிபுகல்' பிழையற்ற சொல்தான். ஆனால் காற்று தானே நுழைவதுபோல் ஒலிக்கிறது, பம்பு இழுப்பதை அது சொல்லவில்லை.

இதை ஏற்றால், புகுந்த காற்றை வெளியேற்றும் வேலைக்குப் பட்டறை வழக்கையொட்டிக் 'காற்றெடுப்பு' என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். சங்ககிரி, நாமக்கல் லாரிப் பட்டறைகளில் இவற்றுக்கு வேறு வழக்கு இருந்தால், அப்பகுதி நண்பர்கள் முடிவெடுக்கும் முன் எழுத வேண்டுகிறேன்.