ஆட்டோகேட்: ஓப்பன் பெட்டி வரவில்லை, கட்டளை வரியிலேயே ஃபைல் பெயர் கேட்கிறது. உதவி தேவை

உபி டிராஃப்டர்:
வணக்கம். சிங்கப்பூர் உபியில் ஒரு எம் அண்ட் இ (இயந்திர, மின் பணி) கான்ட்ராக்டரிடம், ஆட்டோகேட் மென்பொருளில் ஸ்பிரிங்க்ளர் (தீயணைக்கும் நீர்த்தெளிப்பான்) வரைபடம் போடும் வேலை. இன்று காலையிலிருந்து கன்ட்ரோல்-ஓ அழுத்தினால் ஃபைல் தேர்ந்தெடுக்கும் பெட்டி வருவதே இல்லை. கீழே கட்டளை வரியில் வரைபடத்தின் பெயரைக் கேட்டுவிட்டு அப்படியே நிற்கிறது. சேவ் ஆஸ் கொடுத்தாலும் இதே கதைதான். லேயர், பிராப்பர்ட்டீஸ் பலகைகள் மட்டும் வழக்கம்போல வருகின்றன. கணினியை அணைத்துப் போட்டேன், வேறு வரைபடத்திலும் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை.

நேற்று சாயங்காலம் லேஅவுட்டுகளை (அச்சுத் தாள்களை) எல்லாம் பிடிஎஃப் ஆக்க, முன்பு இங்கே இருந்த சீனியர் எழுதிவைத்த ஸ்கிரிப்டை (கட்டளைகளை வரிசையாக எழுதிய ஃபைலை) ஓட்டினேன். அது பாதியில் நின்றுவிட்டது. அதனால் இப்படி ஆகுமா? ஐடி ஆள் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவலாம் என்கிறார். நாளைக்கு இந்த வரைபடங்கள் கியூபி (பொறுப்பேற்கும் பதிவுபெற்ற நிபுணர்) கையெழுத்துக்குப் போக வேண்டும்.

ஜூரோங் கோடு:
தம்பி, மறுபடி நிறுவவெல்லாம் வேண்டாம், ஒரு நிமிட வேலை. கட்டளை வரியில் ஃபைல்டியா என்று தட்டுங்கள் (ஃபைல் என்பதோடு டி, ஐ, ஏ மூன்றையும் இடைவெளியில்லாமல் சேர்த்து). இப்போது 0 என்று காட்டும். 1 கொடுத்து என்டர் தட்டினால் பெட்டி திரும்ப வந்துவிடும். இந்த மதிப்பு வரைபடத்துக்குள் இருப்பதில்லை, விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் பதிகிறது. அதனால்தான் வேறு வரைபடத்தைத் திறந்தும், கணினியை அணைத்துப் போட்டும் பயனில்லை.

நீங்கள் சந்தேகப்பட்டது சரிதான். ஸ்கிரிப்டின் முதல் வரியில் ஃபைல்டியா 0, கடைசி வரியில் ஃபைல்டியா 1 என்று இருக்கும், பாருங்கள். நடுவில் நின்றுபோனதால் கடைசி வரி ஓடவே இல்லை. இன்னொன்று, அந்த இரண்டு வரியும் தேவையே இல்லை. ஸ்கிரிப்ட் ஓடும்போது மதிப்பு 1 ஆகவே இருந்தாலும், ஆட்டோகேட் ஃபைல் பெயரைக் கட்டளை வரியில்தான் எதிர்பார்க்கும். இரண்டையும் அழித்துவிடுங்கள்.

எப்போதாவது மறுபடி இப்படி மாட்டிக்கொண்டால், பெயர் கேட்கும் இடத்தில் டில்டே குறி (1-க்கு இடப்பக்கம் உள்ள வளைகோடு, ஷிஃப்டோடு) போட்டு என்டர் தட்டுங்கள். அந்த ஒரு தடவைக்குப் பெட்டி திறக்கும்.

உபி டிராஃப்டர்:
வந்துவிட்டது அண்ணா! ரொம்ப நன்றி. ஸ்கிரிப்டில் நீங்கள் சொன்ன இரண்டு வரியும் அப்படியே இருந்தன. அதே ஸ்கிரிப்டில் லேயர் மாற்றும் வரி வந்ததும் பலகை திறந்துகொள்கிறது, அதற்குப் பிறகு எதுவும் ஒழுங்காகப் போகவில்லை. அதற்கும் ஃபைல்டியா போல ஒரு மாறி (மதிப்பை மாற்றக்கூடிய அமைப்பு) இருக்கிறதா?

ஜூரோங் கோடு:
அதற்கு மாறி இல்லை, ஒரு சிறு கோடு போதும். லேயருக்கு முன்னால் ஹைஃபன் சேருங்கள். பலகை திறக்காது, கேள்விகள் கட்டளை வரியிலேயே வரும். பிளாட் (அச்சிடுவது), இன்செர்ட் (செருகுவது), ஹேட்ச் (கோடுகளால் நிரப்புவது) ஆகிய மூன்று கட்டளைகளுக்கும் இதே வழிதான். 1982-ல் ஆட்டோகேட் வந்தபோது எல்லாமே தட்டச்சுதான். 1987-ல் ரிலீஸ் 9 வந்த பிறகுதான் பெட்டிகள் சேர்ந்தன. தட்டச்சு வழி இன்றும் உள்ளே இருப்பது நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய வரம். நாற்பது தாளை ஒவ்வொன்றாகப் பெட்டி திறந்து அச்சிட யாருக்கு நேரம்?

பெடோக் அக்கா:
ஸ்கிரிப்டுக்கு அது சரி தம்பி, ஆனால் கையால் செய்யும் வேலைக்குப் பெட்டியை விட்டுவிடாதீர்கள். பிளாட் பெட்டியில் பிரிவியூ பார்த்தால் ஏ1 தாளில் டைட்டில் பிளாக் (வரைபட விவரங்கள் உள்ள கட்டம்) வெட்டுப்படுவது உடனே தெரியும். கட்டளை வரியில் அது தெரியாது, அச்சாகி வந்தபிறகுதான் கண்ணில் படும். என் பழக்கம் இதுதான்: பெட்டியில் ஒரு தாளைச் சரிபார்த்து, பேஜ் செட்டப்பாகப் பெயர் கொடுத்துச் சேமித்துவிடுவேன். அப்புறம் ஸ்கிரிப்டில் ஹைஃபன் பிளாட் போட்டு, விரிவான அமைப்பு வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் சொல்லி, லேஅவுட் பெயரையும் அந்த பேஜ் செட்டப் பெயரையும் மட்டும் கொடுப்பேன். தாள், அளவு, பேனா தடிமன் எல்லாம் அதிலிருந்தே வந்துவிடும்.

பிளாட்டரை (வரைபடம் அச்சிடும் கருவியை) மாற்றினால் மட்டும் கவனம். பிடிஎஃப் என்றால் ஃபைல் பெயர் கேட்கும், காகிதத்தில் போடும் பிளாட்டர் என்றால் ஃபைலுக்கு எழுதவா என்று கேட்கும். கேள்வி வரிசை மாறியதும் ஸ்கிரிப்டின் பதில்கள் தவறான கேள்விகளுக்குப் போய்விடும். உங்கள் ஸ்கிரிப்ட் பாதியில் நின்றதற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம். சீனியர் எந்த பிளாட்டருக்கு எழுதினார் என்று பாருங்கள்.

உபி டிராஃப்டர்:
ஆமாம் அக்கா, அது பழைய பிளாட்டருக்கு எழுதியது, ஆபீஸ் இடம் மாறியபோது அதை எடுத்துவிட்டார்கள். பிடிஎஃப்புக்குப் புதிதாக எழுதிவிடுகிறேன்.

ஜூரோங் கோடு:
எழுதும்போது இதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கிரிப்டில் இடைவெளி ஒவ்வொன்றும் என்டர்தான், வெற்று வரியும் என்டர்தான். ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தால் முழுப் பாதையையும் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். கடைசி வரி முடிந்ததும் ஒரு தடவை என்டர் தட்டிச் சேமியுங்கள், இல்லையென்றால் அந்த வரி ஓடாமல் தொங்கும். நாளைக்கு அனுப்புவதற்கு முன் முதலில் இரண்டு தாளை மட்டும் ஓட்டிப் பாருங்கள் தம்பி.