மிஞ்சின தேக்கு, வேங்கைத் துண்டுகளை என்ன செஞ்சீங்க?

உளிப்பிடி:
போன வருஷம் வீட்டுக்கு நிலை, கதவு வேலை முடிஞ்சப்ப ரெண்டு சாக்கு நிறையத் துண்டு மிஞ்சிச்சு. பாதி தேக்கு, பாதி வேங்கை. கன அடிக் கணக்குல காசு எண்ணிக் கொடுத்த மரம். வெந்நீர் அடுப்புக்கு ஆகும்னு வீட்டுல சொன்னாங்க. அடுப்பு எரியறதுக்கு முன்னாடி என் வயிறு எரிஞ்சுது.

முதல்ல கைவெச்சது ஒரு வேங்கைத் துண்டுல. நல்லா வைரம் பாய்ஞ்சது. ரெண்டு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து கரண்டியாச் செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு அம்மாகிட்டக் கொடுத்தேன். ராத்திரி தண்ணியில ஊறப் போட்டிருக்காங்க. காலையில பார்த்தா பாத்திரத்துத் தண்ணி கட்டன் சாயா நிறத்துல இருக்கு. வெயில்ல சாய்ச்சா ஓரத்துல நீலம் மின்னுது! வேங்கையில டம்ளர் கடைஞ்சு சர்க்கரைக்காரங்களுக்குன்னு விக்கறதை எத்தனையோ தடவை பார்த்திருக்கேன், அப்பவும் உறைக்கலை. "இதுல பாயசம் கிண்டினா யாருடா குடிக்கிறது?"ன்னாங்க அம்மா. இப்போ அது ரோஜாத் தொட்டியில மண்ணு கிளறுது.

அடுத்து தேக்குல தோசைத் திருப்பி. மூணாவது தோசைக்கே கழுத்துல முறிஞ்சுது. கதவு செஞ்ச ஆசாரிகிட்டக் காட்டினேன். முறிஞ்ச இடத்தை நகத்தால கீறிட்டு, "ரேகை குறுக்க ஓடுது தம்பி, விறகு மாதிரி பொளக்கத்தான் செய்யும். பிடிக்கு எடுத்தா நீளவாக்குல ரேகை ஓடற துண்டா எடு"ன்னார். அன்னைக்கே சாக்கைக் கொட்டிப் பிரிச்சேன். நீள ரேகைத் துண்டுங்க உளிக்கும் அரத்துக்கும் பிடி ஆச்சு. கட்டையா இருந்ததுல கதவுக்கு முட்டுக்கொடுக்கிற ஆப்பு. அக்கம்பக்கத்துக்கே பதினஞ்சு ஆப்பு கொடுத்திருப்பேன்.

சப்பாத்திப் பலகைக்காகத் தேக்கைப் பட்டை பட்டையா ஒட்டினதுதான் இன்னும் தேறலை. ஒரே வாரத்துல வாய் பிளந்துடுச்சு.

பழைய மரம்:
தம்பி, குறை பசையில இல்லை. தேக்கு மரத்துலயே எண்ணெய் இருக்கு, அதான் பிடிக்கலை. ஒட்டப்போற முகத்தை லேசா இழைச்சு, தின்னர்ல நனைச்ச துணியால துடைங்க. ஈரம் போனதும் ஒட்டிடணும், அடுத்த நாளைக்குன்னு வெச்சா எண்ணெய் திரும்ப மேல வந்துடும். ரேகைக்குக் குறுக்க அறுத்த தலைமாட்டு முகத்தை ஒண்ணோட ஒண்ணு ஒட்டவே ஒட்டாதீங்க, நிக்காது.

நான் வாங்கறது காரைக்குடிப் பக்கம் இடிச்ச வீட்டுத் துண்டுங்க. பர்மா தேக்கு. எழுபது, எண்பது வருஷம் காய்ஞ்ச மரம், இழைச்சா இப்பவும் அந்தத் தோல் வாசனை. ஆனா உள்ள தலை ஒடிஞ்ச ஆணி இருக்கும். வெளியில ஒரு பொட்டு கூடத் தெரியாது. ஒரு தடவை புதுசாச் சாணை பிடிச்ச இழைப்புளித் தகடு பல்லு போயிடுச்சு. அதுலருந்து உடைஞ்ச ஸ்பீக்கர்ல எடுத்த காந்தத்தை ஒவ்வொரு துண்டு மேலயும் தடவிட்டுத்தான் இழைக்கிறேன்.

மாடிப் பட்டறை:
நம்ம வீட்டுல குழந்தைக்கு விளையாட்டுக் கட்டைங்க. மூலை மழுக்கி, பாலிஷ் போடாம, வெறும் உப்புத்தாள் மட்டும். உள்ளங்கைக்குள்ள அடங்கற துண்டை மெஷின்ல அறுக்காதீங்க, கைவாள் போதும். தேய்க்கும்போது மூக்குக்குத் துணி கட்டிக்குங்க. தேக்குத் தூள் எனக்கு ரெண்டு நாள் தும்மல்.

உளிப்பிடி:
அண்ணே, தின்னர் போட்டுத் துடைச்சேன். துணி மஞ்சளா வந்துச்சு. பலகை கிளாம்ப்ல இருக்கு, நாளைக்குக் காலையில கழட்டணும்.