1948 லேண்ட் ரோவர்: முதல் ஆண்டின் அசல் பாகங்களை அடையாளம் காண உதவி தேவை

குமரன்_ஷ்ராப்ஷர்:
அனைவருக்கும் வணக்கம். இங்குள்ள விவசாயி ஒருவரிடம் முதல் ஆண்டு லேண்ட் ரோவர் ஒன்றை விலை பேசி, முன்பணமும் கொடுத்துவிட்டேன். முகப்பு வலைக்குப் பின்னால்தான் விளக்குகள் இருக்கின்றன; ஓட்டுநரின் காலடியில் இழுக்கும் வளையமும் இருக்கிறது. ஆகவே வண்டி 1948 என்பதில் எனக்கு ஐயமில்லை. இன்ஜினும் கியர்பாக்ஸும் அசலானவையா, பின்னாளில் மாற்றப்பட்டவையா என்பதை மட்டும் அறிந்தவர்கள் கூற வேண்டும். சனிக்கிழமைக்குள் மீதித் தொகையைக் கட்ட வேண்டியிருப்பதால், விரைவாகப் பதிலளித்தால் பேருதவியாக இருக்கும். படங்களைப் பிறகு இணைக்கிறேன்.

ஹட்டன்_ராசன்:
தம்பி, வாழ்த்துகள். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் எதையும் சொல்ல இயலாது. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் எண் என்ன? அது தகட்டில் மட்டும் இருக்கிறதா, இரும்பிலும் பொறிக்கப்பட்டிருக்கிறதா? இன்ஜின் எண் என்ன? ஸ்டீயரிங் எந்தப் பக்கம்? பதிவு ஆவணத்தில் எந்த ஆண்டு போட்டிருக்கிறது? என் தகப்பனார் ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தின் பட்டறையில் வேலை செய்தவர். அங்கே ஒரு வண்டியின் கியர்பாக்ஸ் பழுதானால், கொட்டகையில் சும்மா நிற்கும் இன்னொன்றிலிருந்து கழற்றி மாட்டி, அன்று மாலையே மலையேற்றி விடுவார்கள். எது எந்த ஆண்டினது என்று எவரும் எழுதி வைத்ததில்லை. உழைத்த வண்டி என்றால் எந்த நாட்டிலும் அப்படித்தான் நடந்திருக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

பழைய_இரும்பு:
புதிய இழை தொடங்குமுன் பழைய இழைகளைப் படிக்கும் வழக்கம் ஏனோ அற்றுப்போய்விட்டது. இன்னும் ஒரு முறை சொல்கிறேன். விளக்குகள் வலைக்குப் பின்னால் இருப்பது 1948க்கு மட்டும் உரிய அடையாளம் அன்று. 1949 வண்டிகளிலும் அவை அங்கேதான் இருந்தன. வளையமும் அவ்வாறே. தொடக்க கால வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் விசை சென்றது. முன் அச்சுக்குப் போகும் வழியில் ஒரு ஃப்ரீவீல், அதாவது முன் சக்கரங்கள் விசையை முந்திச் சுழல விடும் அமைப்பு, வைக்கப்பட்டிருந்தது. அதைப் பூட்டுவதற்காகவே அந்த வளையம் இருந்தது. 1950இல் லேண்ட் ரோவரைத் தயாரித்த ரோவர் நிறுவனம் இந்த ஏற்பாட்டைக் கைவிட்டு, வேண்டும்போது மட்டும் முன் சக்கரங்களை இணைக்கும் முறைக்கு மாறியது. எனவே, உங்கள் கியர்பாக்ஸ் அந்த மாற்றத்துக்கு முற்பட்டது என்பதற்கு மேல் வளையம் எதையும் நிறுவாது. அதைச் சுமந்து நிற்கும் வண்டி எந்த ஆண்டினது என்பது வேறு கேள்வி. இவ்வளவையும் அறிந்துகொள்ளாமல் முன்பணம் கொடுப்பவர்கள் இருக்கும்வரை விற்பவர்களுக்குக் கவலையில்லை.

கேமரன்_மலை:
இத்தனை கடுமை தேவையில்லை ஐயா, அவர் உதவி கேட்டுத்தான் வந்திருக்கிறார். குமரன், என்னிடம் எளிய வழி ஒன்று உண்டு. சேசிஸின் அடிப்புறத்தில் பெயின்டைச் சிறிது சுரண்டிப் பாருங்கள். அடியில் துத்தநாகம் தெரிந்தால், அதாவது கால்வனைஸ் செய்த சேசிஸாக இருந்தால், அது முதல் ஆண்டு வண்டி. பின்னர் வந்தவற்றுக்கு வெறும் பெயின்ட்தான். எங்கள் கேமரன் மலையில் காய்கறித் தோட்டக்காரர்கள் இன்றும் பழைய லேண்ட் ரோவர்களை வைத்திருக்கிறார்கள். அங்கே மூத்த மெக்கானிக்குகள் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள்.

சோலிஹல்_வாசி:
மூத்தவர்கள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதிதான் ஆளை ஏமாற்றுகிறது. கால்வனைஸ் செய்த சேசிஸ், விற்பனைக்கு முந்தைய சோதனைத் தொகுதியான 48 வண்டிகளுக்கு உரியது. அவற்றின் எண்கள் தனி வரிசை; அவற்றுள் முதலாவதுதான் எச்.யு.இ. 166 என்ற பதிவு எண்ணால் பலரும் அறிந்த வண்டி. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவரை அறிமுகப்படுத்திய பிறகு வரிசையாக உற்பத்தியான வண்டிகளின் சேசிஸுக்குப் பெயின்ட்தான் அடித்தார்கள். ஆகவே சாதாரண 1948 வண்டியின் சேசிஸ் துத்தநாகம் பூசியதாக இருந்தால், மகிழ்வதற்கு முன் சந்தேகப்பட வேண்டும். இக்காலத்தில் மாற்றுச் சேசிஸ் செய்து தருபவர்கள் பெரும்பாலும் கால்வனைஸ் செய்தே தருகிறார்கள். மூடிய பெட்டி வடிவத்தை உருகிய துத்தநாகத்தில் முக்குவதென்றால், காற்று வெளியேறவும் துத்தநாகம் வடியவும் துளைகள் இட்டாக வேண்டும். முனைகளில் அத்தகைய துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அசல் சேசிஸ், தட்டையான எஃகுத் தகடுகளைப் பெட்டியாகச் சேர்த்து நெடுக வெல்டிங் செய்தது. அந்தக் கால வெல்டிங் கோடு சற்றுக் கரடுமுரடாகவே இருக்கும்.

கேமரன்_மலை:
நான் கண்ணால் பார்த்த வண்டி ஒன்றில் பழைய பெயின்டுக்கு அடியில் துத்தநாகம் இருந்தது. அதை எப்படி விளக்குவீர்கள்?

சோலிஹல்_வாசி:
உடலின் விளிம்புப் பட்டைகள் கால்வனைஸ் செய்தவைதாம். நீங்கள் பார்த்தது சேசிஸா, விளிம்புப் பட்டையா?

பழைய_இரும்பு:
இந்த வாதம் முடிவதற்குள் அவர் மீதித் தொகையைக் கட்டிவிடுவார்.

குமரன்_ஷ்ராப்ஷர்:
பதில்களுக்கு நன்றி. வலப்புற ஸ்டீயரிங். முகப்புச் சுவரில் உள்ள தகட்டில் ஆர் 86 என்று தொடங்கும் எண் இருக்கிறது. எஞ்சிய இலக்கங்கள் தேய்ந்துவிட்டன. 86 என்றால் 1948 என்று விற்பவர் உறுதியாகச் சொல்கிறார். வெளியே அடர்பச்சை, அது உரிந்த இடங்களில் வெளிர்பச்சை தெரிகிறது. இன்ஜின் ஓடவில்லை. கதவுகள் இல்லை.

வார_இறுதி_ஓட்டுநர்:
கதவுகள் இல்லையென்றால் 1948ஆகவே இருக்கலாம். அறிமுக விலையான 450 பிரிட்டிஷ் பவுண்டில் கதவும் மேற்கூரைத் துணியும் சேரவில்லை. அவற்றைத் தனியாகப் பணம் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது.

பழைய_இரும்பு:
அந்தக் கதவுகளை எவரும் கையால் தூக்கிக் கழற்றிவிடலாம். கதவில்லாமை எதற்கும் சான்றாகாது.

சோலிஹல்_வாசி:
குமரன், தகட்டில் நீங்கள் கண்டதுதான் இந்த இழையில் இதுவரை வந்தவற்றுள் முக்கியமானது. ஆனால் விற்பவர் சொல்லும் பொருள் அதற்கு இல்லை. ஆர் என்பது வலப்புற ஸ்டீயரிங். 1948 எண்கள் 860001இல் தொடங்குகின்றன. அவை ஆறு இலக்கம் கொண்டவை. 1949ஆம் ஆண்டுக்கானவை 866 என்று தொடங்கி ஏழு இலக்கமாக நீளும். இரண்டுமே 86 என்றுதான் ஆரம்பிக்கும்! ஆகவே முதலிரண்டு இலக்கங்களை மட்டும் படித்து ஆண்டைச் சொல்ல இயலாது. மூன்றாவது இலக்கம் என்ன, மொத்தம் எத்தனை இலக்கங்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். தேய்ந்த இலக்கங்களின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால், எண் முழுவதும் தெரியாவிட்டாலும் இடங்களை எண்ணிவிடலாம். 1950க்கு வந்தால் எண்ணின் அமைப்பே மாறி, 0610 என்று தொடங்கும்.

தகட்டை மட்டும் நம்பவும் வேண்டாம். புதிதாகச் செய்த தகடுகள் கடையிலேயே கிடைக்கின்றன. இரண்டு ஆணிகளில் மாட்டிவிடலாம். சேசிஸின் இடப்புறத்தில் இன்ஜின் உட்காரும் தாங்கியைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து பாருங்கள். எண் அங்கே பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். அழுத்தித் தேய்க்காதீர்கள்; எழுத்து ஆழமாக இராது.

கோவை_பட்டறை:
எண்கள் பொய் சொல்லலாம், போல்ட்டின் திருகு மரை பொய் சொல்லாது. அக்காலத்து ரோவரில் போல்ட்டுகள் பி.எஸ்.எஃப். என்ற பழைய பிரிட்டிஷ் மரை கொண்டவை. கியர்பாக்ஸ் மூடியில் ஒரு போல்ட்டைக் கழற்றி மரை அளவியை வைத்துப் பாருங்கள்; யு.என்.எஃப். என்ற பிற்கால மரை என்றால் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று பொருள். அந்தப் பழைய மரைக்கான விட்வொர்த் ஸ்பேனரில் எழுதியிருக்கும் அளவு போல்ட்டின் விட்டத்தைக் குறிப்பது, தலையின் அகலத்தை அன்று என்பதை நினைவில் வையுங்கள். இல்லையென்றால் பெட்டியிலுள்ள ஸ்பேனர்களையெல்லாம் மாட்டிப் பார்த்துப் போல்ட்டின் தலையை உருட்டிவிடுவீர்கள்.

பழைய_இரும்பு:
பட்டறைக்காரர் சொல்வது சரியே. ஆனால் கேட்ட கேள்விக்கு அது விடையாகாது. 1948க்கும் 1953க்கும் ஒரே மரைதான். யு.என்.எஃப். இருந்தால் பிற்காலக் கைவரிசை தெரியும், பி.எஸ்.எஃப். இருந்தால் ஆண்டு தெரியாது.

ஹட்டன்_ராசன்:
ஆண்டு தெரிய வேண்டுமென்றால் மின்சாதனங்களைப் பாருங்கள், தம்பி. டைனமோ, ஸ்டார்ட்டர் போன்றவை லூகாஸ் நிறுவனம் செய்தவை. அவற்றின் உடலில் மாதமும் ஆண்டும் சிறிய எண்களாக அடிக்கப்பட்டிருக்கும். 7 48 என்று இருந்தால் 1948 ஜூலை. ஒன்று மட்டும் பொருந்தினால் அது எங்கிருந்தோ வந்ததாக இருக்கலாம். பலவும் அடுத்தடுத்த மாதங்களைக் காட்டி, சேசிஸ் எண்ணோடும் இசைந்தால், வண்டி அதிகம் கலைக்கப்படவில்லை என்று நம்பலாம். இன்ஜினைப் பொறுத்தவரை, முதல் வண்டிகளில் இருந்தது 1595 சிசி இன்ஜின், ரோவர் 60 காரிலிருந்து எடுத்தது. 1952க்கான வண்டிகளில்தான் 1997 சிசி வந்தது. இன்ஜினின் வார்ப்பு உடலான பிளாக்கில் உள்ள எண் 2610 என்று தொடங்கினால் அது பிந்தையது. சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சிலர் எதிர்பார்ப்பார்கள். தொழிற்சாலை இரண்டுக்கும் வெவ்வேறு வரிசைகளை வைத்திருந்ததால், அவை வேறுபடுவதே இயல்பு.

வார_இறுதி_ஓட்டுநர்:
வெளிர்பச்சையைப் பற்றி எவரும் பேசவில்லையே? அது போர்க்காலத்தில் விமானிகளின் அறைக்கு அடித்து எஞ்சிய பெயின்ட் என்று படித்திருக்கிறேன்.

சோலிஹல்_வாசி:
அந்தக் கதை எல்லோரும் சொல்வதுதான். எங்கிருந்து வந்ததாயினும், தொடக்க வண்டிகளின் நிறம் வெளிர்பச்சை. அடர்பச்சை 1949இல் வந்தது. ஆகவே அடியில் வெளிர்பச்சை இருப்பது நல்ல அறிகுறி. ஆனால் 1949இன் தொடக்கத்திலும் வெளிர்பச்சை இருந்ததால், இதுவும் தனித்து நின்று தீர்ப்புச் சொல்லாது. குமரன், தயவுசெய்து மேலுள்ள அடர்பச்சையை உரிக்கத் தொடங்கிவிடாதீர்கள். ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் நின்ற வண்டி பல்லாண்டுகள் காணாமல் கிடந்து, ரோவர் தொழிற்சாலை இருந்த சோலிஹல்லுக்கு அருகே கண்டெடுக்கப்பட்டபோது, 2018இல் அதன் மறுசீரமைப்பை அறிவித்த நிறுவனமே, பழைய தோற்றத்தையும் அசல் பெயின்டையும் இயன்றவரை காப்பதாகத்தான் சொன்னது.

கேமரன்_மலை:
ஒன்று கேட்கிறேன். 1948 டிசம்பரில் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த வண்டியின் எண் 866 என்று இருந்தால், அது 1948 வண்டியா, 1949 வண்டியா? நாட்காட்டியைப் பார்த்தால் முதல் ஆண்டுதானே?

பழைய_இரும்பு:
1949 வண்டி. ரோவரின் மாடல் ஆண்டு முந்தைய இலையுதிர் காலத்திலேயே பிறந்துவிடும். தொழிற்சாலை எந்த வரிசையில் எண் கொடுத்ததோ அதுவே ஆண்டு.

ஹட்டன்_ராசன்:
இதில் நான் உடன்படவில்லை. பதிவு ஆவணத்தில் 1948 என்றிருக்கும் வண்டியை 1948 வண்டி என்று சொல்வதில் பொய் எதுவும் இல்லை. உதிரி பாகம் தேடும்போது மட்டும் எண் வரிசையைப் பின்பற்றினால் போதும்.

பழைய_இரும்பு:
பொய் இல்லை, ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொண்டு கூடுதல் விலை கேட்கும்போது அது பொய்யாகிவிடுகிறது. 1948 வரிசை எண்ணிக்கையில் சிறியது. விலை வேறுபாடும் அதனால்தான். நாட்காட்டியைக் காட்டி அந்த விலையை வாங்குவது எனக்கு நேர்மையாகத் தெரியவில்லை.

ஹட்டன்_ராசன்:
வாங்குபவர் எண்ணைப் படித்துவிட்டு வாங்கினால் யாரும் ஏமாறப்போவதில்லை.

சோலிஹல்_வாசி:
இருவரும் சொல்வதும் ஒரே இடத்தில்தான் முடிகிறது: எண்ணைப் படிக்க வேண்டும். இங்கிலாந்தின் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தில் பழைய பேரேடுகளிலிருந்து சான்றிதழ் எழுதித் தருகிறார்கள். சேசிஸ் எண்ணைக் கொடுத்தால், வண்டி வெளியே அனுப்பப்பட்ட நாள், சேர்ந்த இடம், அன்று அதிலிருந்த இன்ஜினின் எண் ஆகியவற்றை அறியலாம். இன்று பிளாக்கில் உள்ள எண்ணோடு அதை ஒப்பிட்டால், குமரன் முதலில் கேட்ட கேள்விக்கு ஊகம் இல்லாத விடை கிடைத்துவிடும். சனிக்கிழமைக்குள் சான்றிதழ் வராது என்பதால், சேசிஸில் உள்ள எண் ஆறு இலக்கம் கொண்டதாக இருந்தால் மட்டுமே பேசிய விலை செல்லும் என்று விற்பவரிடம் எழுதி வாங்குங்கள்.

கோவை_பட்டறை:
குமரன், தாங்கியைச் சுத்தம் செய்தீர்களா?

கேமரன்_மலை:
சனிக்கிழமை கடந்துவிட்டதே, என்ன ஆயிற்று?

குமரன்_ஷ்ராப்ஷர்:
தாமதத்துக்கு மன்னிக்கவும். தாங்கியில் எண் இருந்தது: 866, ஏழு இலக்கம். சேசிஸில் துத்தநாகம் இல்லை. டைனமோவில் 11 48, ஸ்டார்ட்டரில் 12 48. இன்ஜின் எண்ணும் 86 என்றுதான் தொடங்குகிறது. விற்பவர் விலையைக் குறைத்துக்கொண்டார். வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. சான்றிதழுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.

பழைய_இரும்பு:
படங்களை இன்னும் இணைக்கவில்லை.