பேரன் ஆங்கிலத்தில் கேள்வி கேட்பது பிழையாக வருகிறது, தமிழால் வந்த குழப்பமா?

இரணைமடு அம்மம்மா:
லண்டனில் இருந்து மகளும் மூன்றரை வயதுப் பேரனும் வந்து கிளிநொச்சியில் என்னோடு நிற்கிறார்கள். அவனுக்குப் பிறந்ததில் இருந்தே ஆங்கிலம்தான். தமிழ் விளங்கும், ஆனால் திருப்பிப் பேசமாட்டான். நாள் முழுக்கக் கேள்விதான். அடைகாக்கிற கோழியைக் கண்டால் 'வை ஷீ இஸ் சிட்டிங்?'. நான் கடகத்தை எடுத்தால் 'வட் யூ ஆர் டூயிங்?'. நான் ஓ.எல். வரை படித்த ஆங்கிலத்துக்கே இது பிழை என்று தெரிகிறது. ஆனால் 'இஸ் ஷீ ஸ்லீப்பிங்?' என்று சரியாகவும் கேட்கிறான்!

அங்கே அவன் போகும் நேர்சரியில் ஒருவர், வீட்டில் தமிழை விடுங்கள் என்று சொன்னாராம். இப்போது மகள் என்னையும் தமிழ் பேச வேண்டாம் என்கிறாள். எனக்கு மனம் கேட்கவில்லை. உண்மையில் தமிழ்தானா காரணம்?

மாங்குளம் ரீச்சர்:
இல்லை அம்மா, பயப்படாதேங்கோ. தமிழே கேட்டறியாத ஆங்கிலப் பிள்ளைகளும் இப்படித்தான் கேட்பார்கள். 1960களில் ஹார்வர்டில் ரோஜர் பிரவுன் என்பவரின் குழு மூன்று பிள்ளைகளின் பேச்சை வீட்டுக்கே போய்ப் பதிவு செய்தது. ஆதாம், ஏவாள், சாரா என்று அவர்களுக்குப் பெயர் வைத்தார்கள். அந்தப் பதிவுகளை வைத்து 1966இல் கிளிமாவும் பெலூகியும் எழுதியது உங்கள் பேரனின் கதைதான். முதலில் குரலை உயர்த்தினால் போதும், கேள்வியாகிவிடும். 'வேர் டடி கோயிங்?' என்பது போல, 'இஸ்', 'ஆர்' என்ற துணைவினையே இருக்காது. பிறகு துணைவினை வரும், ஆனால் 'வை', 'வட்' என்று தொடங்கும் கேள்விகளில் இடம் மாறாது. உங்கள் பேரன் இப்போது அங்கேதான் நிற்கிறான்.

நமக்கு இது சுலபம். 'கோழி படுத்திருக்குது' என்பதில் 'ஏன்' என்று ஒரு சொல்லைச் செருகினால் சரி. அல்லது கடைசியில் ஒரு 'ஆ': 'படுத்திருக்குதா?'. வேறொன்றும் அசையாது. ஆங்கிலத்தில் 'வை'யை முன்னுக்குக் கொண்டு வரவும் வேண்டும், 'இஸ்'ஸை 'ஷீ'க்கு முன்னால் தள்ளவும் வேண்டும். 'இஸ் ஷீ ஸ்லீப்பிங்?' என்பதில் ஒரு வேலைதான், அது சரியாக வருகிறது. இரண்டு வேலையும் சேரும்போது தடுக்குகிறது.

இரணைமடு அம்மம்மா:
நன்றி பிள்ளை. 'டிட் யூ வென்ட்?' என்றும் கேட்கிறான். திருத்தலாமா?

மாங்குளம் ரீச்சர்:
இறந்தகாலத்தை இரண்டு இடத்தில் போட்டுவிடுகிறான், அதுவும் வழமைதான். திருத்தி நிறுத்தாதேங்கோ, பிள்ளை கேட்கிறதையே விட்டுவிடவும் கூடும். பதில் சொல்லுங்கோ, அது போதும்.

ஸ்காபரோ தாய்:
என் மகள் நாலு வயதிலும் 'வை ஐ காண்ட் கோ?' என்றுதான் கேட்டாள். எதிர்மறைக் கேள்விதான் கடைசியாகச் சரிவந்தது. நானும் யாரோ சொன்னதைக் கேட்டுத் தமிழை விட்டேன். இப்போது அவளுக்கு ஒன்பது வயது. புதுக்குடியிருப்பில் இருந்து என் அம்மா போன் எடுத்தால், இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள், அவ்வளவுதான். அம்மா, உங்கள் மகளிடம் இதைக் கட்டாயம் காட்டுங்கோ.

இரணைமடு அம்மம்மா:
காட்டினேன். மகள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இன்று காலை என்னைத் தடுக்கவும் இல்லை. கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றும்போது 'வை யூ ஆர் புட்டிங் வாட்டர்?' என்றான். 'கத்தரிக்கு விடாய்க்குது ராசா' என்றேன். கொஞ்ச நேரம் செடியையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் பக்கத்து மிளகாய்க் கன்றைக் காட்டி, 'விடாய்க்குதா?' என்றான்.