சம்பளமில்லாத நிபுணர் வேலை: இரசாயனச் சோதனை வழிகாட்டிகளுக்குக் கருத்துச் சொல்ல மட்டக்களப்பிலிருந்து விண்ணப்பிக்கலாமா?

வாவிக்கரை எழுதியது:

வணக்கம். நான் மட்டக்களப்பு. விலங்கியல் படித்து, நெல்வயலில் அடிக்கும் களைநாசினி நன்னீர் மீன் குஞ்சுகளை என்ன செய்கிறது என்று எம்.ஃபில். ஆய்வு செய்தவள். இப்போது தற்காலிக விரிவுரையாளர்.

பேராதனையில் எனக்கு மேற்பார்வையாளராக இருந்த மேடம் ஓர் அழைப்பை அனுப்பியிருக்கிறார். இரசாயனங்களின் பாதுகாப்பைச் சோதிக்க ஓஈசிடி (OECD) என்ற பன்னாட்டுப் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பு வெளியிடும் வழிகாட்டிகளைத்தான் பல நாடுகள் பார்க்கின்றன. அவற்றின் புதிய வரைவுகளைப் படித்துக் கருத்துச் சொல்ல, நச்சியல், சூழல் நச்சியல், உயிரணு வளர்ப்பு தெரிந்தவர்களைத் தேடுகிறார்களாம். தொண்டு வேலை, ஊதியம் கிடையாது.

படித்ததும் ஆசை வந்தது. டாஃப்னியா என்ற நுண்ணிய நீர்வாழ் உயிரியை வைத்துச் செய்யும் 202ஆம் இலக்கச் சோதனையை நானே செய்திருக்கிறேன். 48 மணித்தியாலம், தண்ணீர் 18 முதல் 22 பாகைக்குள் இருக்க வேண்டும். அதற்காக ஆய்வுகூடத்தில் இரவு பகலாகக் குளிரூட்டி ஓடும். மின்சாரம் போனால் சோதனையும் போய்விடும். வெளியே வாவித் தண்ணீரோ 30 பாகையைத் தொட்டுக்கொண்டிருக்கும். மாரியில் பாலமீன்மடு முகத்துவாரத்தைக் கடலுக்கு வெட்டிவிட்டால் உப்பு ஒரு மாதிரி, கோடையில் வேறு மாதிரி. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை வயல் வட்டைகளில் அடிக்கும் பீடைகொல்லி மருந்தெல்லாம் வடிந்து வருவது இந்தத் தண்ணீருக்குத்தான். குளிரூட்டிய கண்ணாடிக் குவளையில் கிடைத்த இலக்கத்தை வைத்துக்கொண்டு இந்த வாவியைப் பற்றி என்ன சொல்வது என்பது எனக்கு இன்னும் தீராத கேள்வி.

ஆனால் இலங்கை ஓஈசிடி உறுப்பு நாடு இல்லையே. என் பேச்சு அங்கே எடுபடுமா? தற்காலிக விரிவுரையாளரை நிபுணர் என்று ஏற்பார்களா? எவ்வளவு நேரம் பிடிக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

களுவாஞ்சிக்குடியான் எழுதியது:

அக்கா, நான் கொழும்பில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் இருக்கிறேன். எனக்கு உடன்பாடு இல்லை. இந்தச் சோதனைகளால் இலாபம் பார்ப்பவை பெரிய இரசாயனக் கம்பனிகள். அவர்களுடைய விஞ்ஞானிகள் கம்பனிச் சம்பளத்தில் அந்தக் கூட்டங்களில் இருப்பார்கள். நிரந்தர வேலைகூட இல்லாத நீங்கள் ஏன் இலவசமாக மூளையைக் கொடுக்க வேண்டும்? அந்த நேரத்தில் இரண்டு ஆய்வுக் கட்டுரை எழுதினால் நிரந்தர நியமனத்துக்காவது உதவும்.

கல்லடிப்_பாலம் எழுதியது:

தங்கச்சி, விண்ணப்பியுங்கள். நான் கல்லடியில் பிறந்தவன். ஐரோப்பாவில் சோதனை ஆய்வுகூடங்களிலேயே வேலை செய்து ஓய்வு பெற்றேன். இந்த நிபுணர் குழுக்களில் ஊதியமில்லாமல் இருந்தும் இருக்கிறேன்.

தம்பி சொல்வது உண்மை. ஆனால் அதே காரணத்துக்காகத்தான் போக வேண்டும் என்கிறேன். சம்பளம் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் மட்டும் மேசையில் இருந்தால் அவர்கள் கண்ணில் படுவது மட்டும்தான் வரைவில் வரும்.

வேலை இப்படித்தான் நடக்கும். வழிகாட்டிகளை ஏற்பதும் நீக்குவதும் உறுப்பு நாடுகளின் தேசிய இணைப்பாளர்கள். ஆண்டுக்கு ஒரு முறை கூடி ஒருமித்து முடிவெடுப்பார்கள். அதற்கு முன்னால் வரைவு நிபுணர் குழுக்களுக்குப் போகும். அந்த நிபுணர்களை நாடுகள் பெயர் குறிக்கும். தொழில்துறைக்கு ஒரு வழி உண்டு. ஐகாப்போ என்ற விலங்குப் பாதுகாப்பு அமைப்புகளின் கூட்டமைப்புக்கும் ஒரு வழி உண்டு. உறுப்பு நாடில்லாத இடத்திலிருந்து ஒருவர் உள்ளே போக இப்படியான அமைப்பின் அழைப்புத்தான் வசதி. உங்களுக்கு வாக்கு இருக்காது. எழுத்தில் கொடுக்கும் கருத்துக்குப் பெறுமதி இருக்கும். எந்தப் பந்தி, என்ன மாற்றம், ஏன் என்று அட்டவணையில் நிரப்பிக் கொடுத்தால் வரைவைத் தயாரிக்கும் நாடு அதைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். "இது சரியில்லை" என்று மட்டும் எழுதினால் ஒன்றும் நடக்காது.

உறுப்பு நாடில்லை என்பதால் நமக்குச் சம்பந்தமில்லை என்று நினைக்க வேண்டாம். 1981இல் இந்த வழிகாட்டிகள் வந்தபோதே, ஒரு நாட்டில் முறைப்படி செய்த சோதனையை மற்ற உறுப்பு நாடுகள் ஏற்க வேண்டும் என்ற தீர்மானமும் வந்தது. உறுப்பினரல்லாத இந்தியா 2011இல் அதில் முழுமையாகச் சேர்ந்துவிட்டது. நாம் அதிலும் இல்லை. ஆனால் வெளிநாட்டுக் கம்பனி ஒரு மருந்தைப் பதிய இங்குள்ள பீடைகொல்லிப் பதிவாளருக்குக் கொடுக்கும் கோப்பைத் திறந்தால் இதே வழிகாட்டி இலக்கங்கள்தான் வரிசையாக இருக்கும். சம்மாந்துறை வயலில் அடிபடும் மருந்து 20 பாகை மண்ணில் சோதிக்கப்பட்டதாக இருக்கலாம். 307ஆம் இலக்க மண் சோதனையின் வழமையான வெப்பநிலை அதுதான்.

நம் நாட்டு அனுபவம் அங்கே எவ்வளவு தேவை என்பதற்கு ஓர் உதாரணம். பீடைகொல்லிகளை அபாய வகுப்புகளாகப் பிரிப்பது பெரும்பாலும் எலிக்கு எவ்வளவு கொடுத்தால் பாதி சாகும் என்ற கணக்கில்தான். இலங்கை வைத்தியசாலைகளில் நஞ்சருந்தி அனுமதிக்கப்பட்ட 9,000க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து 2010இல் வெளியான ஆய்வு, ஒரே வகுப்பில் இருக்கும் மருந்துகள் மனிதரைக் கொல்வதில் மிகப் பெரிய வேறுபாடு காட்டுகின்றன என்று சொன்னது. எலிக் கணக்கில் மிதமான அபாயம் என்ற வகுப்பில் இருந்த பரகுவாட்டு என்ற களைநாசினி மனிதருக்கு எவ்வளவு கொடியது என்பதை நம் தாதிமாரும் டொக்டர்மாரும் வார்டில் பார்த்தார்கள். 2008இலிருந்து 2011க்குள் அதைப் படிப்படியாக நிறுத்தினோம். இந்த அறிவு வந்தது நம் வார்டுகளிலிருந்து. அதைக் கொண்டுபோய் மேசையில் வைக்க ஆள் வேண்டும்.

விதிகள் மாறுவதில்லை என்றும் நினைக்காதீர்கள். பாதி எலிகள் சாகும் வரை வாய்வழி கொடுக்கும் பழைய 401ஆம் இலக்கச் சோதனையை 2002இல் நீக்கிவிட்டார்கள். அதற்குப் பதில் வந்தவற்றுக்கு மிகக் குறைந்த விலங்குகள் போதும். மீன் கருவைக் கொண்டு செய்யும் 236 வந்தது 2013இல். செவுள் உயிரணுவை மட்டும் வைத்துச் செய்யும் 249 வந்தது 2021இல். உயிருள்ள மீனைக் கொல்லாத சோதனை, மிக நல்லது. ஆனால் அந்த உயிரணு வானவில் ட்ரவுட் என்ற குளிர்நாட்டு மீனுடையது. விராலுக்கும் கெளுத்திக்கும் அது எவ்வளவு பொருந்தும் என்று அங்கே கேட்க வேண்டியவர் நீங்கள்தான்.

ஒன்றில் மட்டும் கவனம். "வெப்ப நாட்டில் நச்சு கூடும்" என்று பொதுவாக எழுதாதீர்கள், அடுத்த நிமிடமே கேள்வி வரும். சூட்டில் மண்ணில் பல மருந்துகள் வேகமாகச் சிதையும். பைரித்திராய்டு வகைப் பூச்சிகொல்லிகளோ பூச்சிகளுக்குக் குளிரில்தான் கூடுதல் நஞ்சு. மருந்தைப் பெயர் சொல்லி, உயிரினத்தைப் பெயர் சொல்லி, உங்கள் அளவீட்டோடு எழுதுங்கள். தற்காலிகம், நிரந்தரம் யாரும் கேட்க மாட்டார்கள். அந்தச் சோதனையைக் கையால் செய்திருக்கிறீர்களா, எந்தக் கம்பனியிடமாவது காசு வாங்குகிறீர்களா என்றுதான் கேட்பார்கள். பாரிஸில் பிற்பகல் இரண்டு மணிக் கூட்டம் நமக்கு இரவு ஆறரை, அங்கே கோடைகாலமென்றால் ஐந்தரை. விரிவுரை முடித்துவிட்டு இருக்கலாம்.

சம்மாந்துறை_வயல் எழுதியது:

நான் விஞ்ஞானி இல்லை, விவசாயம்தான். கல்லடி ஐயாவிடம் ஒரு கேள்வி. எங்கட பக்கம் சாரமும் பழைய சேர்ட்டும்தான், முதுகில் டாங்கியோடு வெயிலில் அடிக்கிறோம். கசிந்து முதுகெல்லாம் நனையும். தோலால் உள்ளே போவதை இந்த வழிகாட்டிகளில் பார்க்கிறார்களா?

கல்லடிப்_பாலம் எழுதியது:

பார்க்கிறார்கள் தம்பி. 428ஆம் இலக்கம் அதற்குத்தான். தோல் துண்டைக் கண்ணாடிக் கலத்தில் வைத்து, 32 பாகை அளவில், எவ்வளவு ஊடுருவுகிறது என்று அளப்பார்கள். வியர்வையில் ஊறி, நனைந்த துணி ஒட்டிய முதுகு அந்தக் கலத்தில் இல்லை. நீங்கள் எழுதியது போன்ற தகவல் நிபுணர் கருத்தோடு சேர்ந்து போனால் அதற்குப் பலம் அதிகம். எத்தனை மணிக்குத் தொடங்குகிறீர்கள், நனைந்த சேர்ட் எவ்வளவு நேரம் உடம்பில் இருக்கிறது என்று தங்கச்சிக்கு எழுதிக் கொடுங்கள்.

வாவிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. களுவாஞ்சிக்குடித் தம்பி, நியமனக் கவலை எனக்கும் இருக்கிறது. ஆனாலும் விண்ணப்பிக்கிறேன். மேடத்திடம் பரிந்துரைக் கடிதம் கேட்டுவிட்டேன்.

படிவத்தில் 202, 236, 249 மூன்றையும் என் துறையாகக் குறிக்கப் போகிறேன். சம்மாந்துறை நானா, தனிமடல் அனுப்பியிருக்கிறேன், நேரம் கிடைக்கும்போது பாருங்கள். அப்புறம் ஒரு உதவி: உன்னிச்சைக் குளத்திலோ வாவியிலோ தண்ணீர் வெப்பநிலையும் உப்புத்தன்மையும் மாதாமாதம் அளந்து வைத்திருக்கும் யாராவது இங்கே இருக்கிறீர்களா? பழைய கொப்பியில் கையால் எழுதியதாக இருந்தாலும் பரவாயில்லை. வந்து பார்த்துப் படி எடுத்துக்கொள்கிறேன்.