தெருவில் நட்ட மரம்: உங்கள் அனுபவம் என்ன?

மாம்பலவாசி:
2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலின் கண் சென்னையைக் கடந்தபோது, காற்று ஓய்ந்துவிட்டதென்று நம்பி வாசலுக்கு வந்தவர்களில் நானும் ஒருவன். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து திரும்பி அடித்த காற்றில், எதிரே நின்ற மயில்கொன்றை நடைபாதைக் கற்களையும் பெயர்த்துக்கொண்டு அடியோடு சாய்ந்தது. மறுநாள் அறுக்க வந்தவர் வேர்ப்பகுதியைப் புரட்டிக் காட்டினார். ஆணிவேர் என்று சொல்லத்தக்கதாக எதுவும் இல்லை. வேர்களெல்லாம் ஒன்றையொன்று சுற்றிக் கூடைபோல் பின்னியிருக்க, அவற்றினிடையே நாற்றுப்பண்ணையின் கறுப்பு நெகிழிப் பை இன்னும் மட்காமல் ஒட்டிக்கொண்டிருந்தது. சிவப்புப் பூவுக்கு ஆசைப்பட்டு அந்தக் கன்றைப் பையோடு குழியில் இறக்கியவன் நானேதான். இனி வெளிநாட்டு மரங்களே தெருவுக்கு வேண்டாம் என்பது என் முடிவு.

அம்பத்தூர் அன்பர்:
மேலே எழுதியவர் தாமே பையோடு நட்டதாக ஒப்புக்கொண்டுவிட்டு, பழியை மடகாஸ்கரிலிருந்து வந்த மரத்தின்மேல் போடுவது எனக்கு விளங்கவில்லை. மயில்கொன்றைக்கு வேர் மேலோட்டமானது, கிளை எளிதில் முறியும் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் அதே புயலில் எங்கள் தெருவில் விழுந்தது வேம்பு. கேபிள் பதிக்கப் பள்ளம் தோண்டியவர்கள் அதன் ஒரு பக்கத்து வேர்களை வெட்டியிருந்தார்கள். போதாதற்கு அடிமரம்வரை சிமெண்ட் பூசியிருந்தார்கள். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர்வரை உள்ள சிமெண்டை அகற்றும்படி தில்லிக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இலேயே உத்தரவிட்டதை இங்கே எத்தனை பேர் அறிவார்கள்?

திருச்சி ஆசிரியை:
என் அனுபவம் சிறியது. ஆடி மாதத்தில் ஒருநாள் பள்ளிக்குச் செல்லும் வழியில், நசுங்கிக் கிடந்த நாவல் பழங்களின்மேல் என் ஸ்கூட்டர் வழுக்கிவிட்டது. சேலையில் பட்ட கறை இன்றுவரை போகவில்லை. நாவல் பூங்காவுக்கும் ஏரிக்கரைக்கும் உரியது, வண்டி ஓடும் சாலைக்கு அன்று.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். மின்கம்பி செல்லும் பக்கத்தில் சரக்கொன்றை போன்ற சிறிய மரமே போதும். வேம்பை அங்கே நட்டால் ஆண்டுதோறும் தலையை வெட்டி மொட்டையாக்குவார்கள். அகலமான தெருவுக்குப் புங்கனைவிடப் பொருத்தமானது அரிது, ஏனெனில் வெயில் ஏறுவதற்குள் பழைய இலையை உதிர்த்துத் தளிர்விட்டு நிழலுக்கு ஆயத்தமாகிவிடும். அது கொட்டும் பூவைப் பெருக்குவதற்குச் சலித்துக்கொள்பவர்கள் மகிழம் நடலாம். அது மெதுவாகத்தான் வளரும், பொறுமை வேண்டும். தூங்குமூஞ்சி மரம் பரந்த திடலுக்கு அழகு, இருபது அடித் தெருவுக்கு ஆகாது. நாகலிங்கத்தின் அடியில் காரை நிறுத்த நேர்ந்தவர்களிடம் அதன் காயைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கடலோர ஊர்களுக்குப் பூவரசும் புன்னையும் உகந்தவை.

வேதாரண்யத்துக்காரன்:
அம்மையீர், பூவரசு என்று பொதுவாகச் சொல்லிவிட்டீர்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் எங்கள் வீட்டோரம் வரிசையாகச் சாய்ந்தவை பூவரசுகளே. அத்தனையும் என் தகப்பனார் போத்து, அதாவது கிளைத்துண்டு, வெட்டி நட்டவை. போத்தில் ஆணிவேர் இறங்காது. கொல்லையில் விதை விழுந்து தானாக முளைத்த ஒன்று மட்டும், கிளையெல்லாம் முறிந்தும், நின்றுகொண்டிருந்தது. அதன் அடியில்தான் அன்று காலை மாடுகளைக் கட்டினோம்.

மாம்பலவாசி:
அம்பத்தூர் அன்பர் சொன்னதில் நியாயம் உண்டு; பையைக் கிழிக்காதது என் பிழைதான். மயில்கொன்றை நின்ற இடத்தில் அடுத்த ஆண்டே ஒரு பூவரசை நட்டுவிட்டுப் போனார்கள், இப்போது மாடி உயரம் வளர்ந்துவிட்டது. வேதாரண்யத்து நண்பர் எழுதியதைப் படித்தபின் கீழே இறங்கிப் போய் அதன் அடிமரத்தை வெகுநேரம் பார்த்தேன். போத்தா, கன்றா என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழி உண்டா?